கண்ணுக்குள் ஒரு தாராபாத்திரம்

அம்பத்தூர்
20.6.2024

அக்காவுக்கும் அத்தானுக்கும் செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இருவரும் சௌக்கியம்தானே? அக்காவுக்குக் காது இரைச்சல் குறைந்ததா? போனில் பேசலாம் என்றால் நான் கத்த வேண்டும், நீ "என்னது, என்னது" என்பாய், அத்தான் நடுவில் சிரிப்பார். அதனால் எழுதிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை என் வலது கண்ணில் அந்தக் கருவியை வைத்துவிட்டார்கள். இடது கண்ணைச் சர்க்கரை ஏற்கெனவே தின்றுவிட்டது. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. வலது கண்ணையாவது காப்பாற்ற இரண்டு வருடமாக மாதந்தோறும் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். இனி அது வேண்டாம். அரிசி அளவில் ஒரு குப்பி. மேல் இமைக்குக் கீழே, வெள்ளை விழியில் சின்னதாகக் கீறி, சட்டைக்குப் பித்தான் வைப்பது போலப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே மருந்து. நம் பூக்காட்டுச் சொட்டுநீர்க் குழாய் மாதிரி நிற்காமல் கசிந்துகொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்துப் போனால், குப்பியை வெளியே எடுக்காமலே ஊசியால் பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்புவார்கள். ஆராய்ச்சித் திட்டம் என்பதால் நமக்குச் செலவில்லை.

டாக்டரம்மா மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். "இது கண்ணுக்குள்ள போற வாசல்மா. மருந்துக்குத் திறந்த வாசல்ல கிருமியும் போகும். மேல இருக்குற தோல் வெங்காயச் சருகு மாதிரி. நாங்க எழுதிக்குடுத்த மருந்து தவிர ஒரு பொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. சிவந்தா, வலிச்சா அன்னிக்கே ஓடி வரணும்."

நேற்று பால்கனியில் நின்று தெருமுனையில் போகிற பஸ்ஸின் எண்ணைப் படித்தேன் அக்கா. மருமகள் கை தட்டினாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானை வெயிலில் பூப்பறிக்க விடாதே.

செல்வி

*

ஆத்தா துணை
நிலக்கோட்டை
3.7.2024

தங்கச்சி அறிவுச்செல்விக்கு அக்கா அய்யம்மாள் ஆசி கூறி எழுதுவது. ஆத்தா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மகன் அன்புமணியும் மருமகள் தேவதர்ஷினியும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடுதாசியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் என்ன பள்ளிக்கூடம் போனவளா? நாள்காட்டித் தாளையும் பஸ் போர்டையும் பார்த்து நானே கூட்டிக் கூட்டிப் படித்த படிப்பு. குப்பி சொட்டு விடும் என்று எழுதியிருந்தாயே, எனக்கு உடனே சிவன் கோயில் தாராபாத்திரம் கண்ணில் வந்து நின்றது. லிங்கத்துக்கு மேலே தொங்கி, அடியில் ஊசித் துவாரம் வழியே இரவும் பகலும் சொட்டுமே, அது. உன் கண்ணுக்குள் அதுதான் தொங்குகிறது. உன் அத்தானிடம் சொன்னேன். "அப்ப உன் தங்கச்சி கண்ணு லிங்கமா? இனிமே அவ மொறைச்சா கன்னத்துல போட்டுக்கிடணுமாக்கும்" என்றார். உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மனுஷனுக்கு எதிலும் கேலி.

காது போனபோது நான் அழவில்லை. கண் இருக்கிறது, வாயசைவைப் பார்த்துக்கொள்ளலாம், உன் எழுத்தைப் படித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதனால் கண்ணின் அருமை என்னைவிட யாருக்குத் தெரியும்? உன் பேரில் ஆத்தாவுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்திருக்கிறேன். வீட்டுக் கணக்கில் காய்கறிப் பக்கத்தை இறுக்கிப் பிடித்தால் தைக்குள் சேர்ந்துவிடும்.

ஆடி பிறக்கட்டும். உனக்கு ஒன்று அனுப்புகிறேன்.

அய்யம்மாள்

*

ஆத்தா துணை
நிலக்கோட்டை
10.8.2024

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மழை எட்டிப் பார்க்கிறது, இறங்கவில்லை. உன் சுகத்துக்கு எழுது.

நேற்று ஆடி வெள்ளி. நம் ஆத்தாவுக்குப் பாலாபிஷேகம். பூசாரி கருப்புசாமி அண்ணனிடம் உன் கண்ணைச் சொல்லி, பாதத்தில் வழிந்த தீர்த்தத்தை முதல் ஆளாக ஒரு குப்பியில் பிடித்து வாங்கினேன். சென்னைக்குப் பூவோடு போகிற மூக்கையாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். மல்லிகைப் பொட்டலத்துக்குள் இருப்பதால் குளிர்ச்சி குறையாது.

தண்ணீர் படக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. அவர் சொன்னது குழாய்த் தண்ணீரை. இது பாலும் மஞ்சளும் வேப்பிலையும் பட்டு ஆத்தா பாதத்தைத் தொட்டு இறங்கியது. இதைப் போய்த் தண்ணீர் என்றால் நாக்கு அழுகும். குளித்து, விளக்கேற்றி, வலது கண்ணில் ஒரு சொட்டு விடு. குப்பி தீரும்வரை வெள்ளிக்கிழமை தோறும் விடு. மருந்து பாதி, ஆத்தா பாதி.

விட்டதும் எழுது. காத்திருப்பேன்.

அய்யம்மாள்

*

அம்பத்தூர்
25.8.2024

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். இங்கே எல்லாரும் நலம். அக்காவுக்குச் சர்க்கரை பார்த்தார்களா? பார்க்கச் சொல்லி எத்தனை தடவை எழுதுவது?

மூக்கையா வந்து பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்ததும் வீடெல்லாம் நிலக்கோட்டை மணம். மருமகளுக்குத் தெரிந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவாள் என்று, அவள் வேலைக்குப் போன பிறகு விளக்கேற்றி, நீ சொன்னபடியே முந்தாநாள் வெள்ளிக்கிழமை விட்டுக்கொண்டேன். உன் சொல்லை எப்போது மீறியிருக்கிறேன்? விட்டதும் நல்ல குளிர்ச்சி.

இன்று காலையிலிருந்து மணல் விழுந்தது போல உறுத்தல். கொஞ்சம் சிவந்தும் இருக்கிறது. ஆத்தா இறங்கியிருக்கிறாளோ என்னவோ. நாளைக்கும் இப்படியே இருந்தால் போய்க் காட்டுகிறேன்.

அன்புமணி தபால்பெட்டிக்குப் போகிறான், முடிக்கிறேன்.

செல்வி

*

ஆத்தா துணை
நிலக்கோட்டை
20.9.2024

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

கண் சிவந்தது என்று எழுதியிருந்தாய். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மை போட்டால் உடம்பில் இறங்குகிறவள், உன் கண்ணில் இறங்கிப் பார்த்திருக்கிறாள். அது நல்ல அடையாளம். பயந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு உன் கடுதாசி வரவில்லை. உன் அத்தானைப் போன் போட வைத்தேன். அன்புமணி எடுத்து, "அம்மா நல்லாருக்காங்க பெரியப்பா, தூங்குறாங்க" என்றானாம். பட்டப்பகலில் தூங்குகிற பழக்கம் உனக்கு எப்போது வந்தது?

அய்யம்மாள்

*

நிலக்கோட்டை
14.10.2024

செல்வி, சரஸ்வதி பூசையும் முடிந்துவிட்டது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலேயே கையை விரிக்கிறார். இரண்டு வரி எழுது. கோபமா? நான் ஏதும் தப்பாக எழுதிவிட்டேனா?

அய்யம்மாள்

*

அம்பத்தூர்
20.11.2024

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். இங்கே எல்லாரும் நலம். அங்கே நலமா?

கோபம் ஒன்றும் இல்லை அக்கா. தீபாவளி வேலை, வீட்டுக்கு வெள்ளையடித்தது என்று நாள் ஓடிவிட்டது. கண் நன்றாக இருக்கிறது. தீர்த்தம் தீர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம். மூக்கையாவுக்குச் சிரமம்.

மருமகள் வேலையை விட்டுவிட்டாள். வீட்டோடு இருக்கிறாள். காய் நறுக்குவது, கீரை ஆய்வது எல்லாம் அவளே செய்துவிடுகிறாள். என்னை அடுப்படிப் பக்கமே விடுவதில்லை. குடுத்துவைத்தவள் நான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

செல்வி

*

ஆத்தா துணை
நிலக்கோட்டை
18.1.2025

தங்கச்சிக்கு அக்கா பொங்கல் ஆசி கூறி எழுதுவது. ஆத்தா அருளால் சுகம். பனியில் பூ வரத்து குறைவு, விலை தங்கமாகக் கிடக்கிறது.

உன் கடுதாசி வந்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. எழுத்து ஏன் கொழுக்கட்டை கொழுக்கட்டையாக இருக்கிறது? பக்கத்துக்கு ஆறு வரிகூட இல்லை. சின்னப் பிள்ளை எழுதியது மாதிரி என்றேன். உன் அத்தான், "செவிட்டு அக்காளுக்குச் சத்தமா எழுதியிருக்கா" என்கிறார்.

தை வெள்ளியில் கண்மலர் சாத்திவிட்டேன். ஆத்தா முகத்தில் உன் கண் மின்னுகிறது. தீர்த்தத்தால் தங்கச்சி கண் தேறியது என்று கோயிலில் எல்லாரிடமும் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு, தன் புரை விழுந்த கண்ணுக்கு அவளும் ஒரு குப்பி வாங்கி வைத்திருக்கிறாள். மார்கழியில் உனக்கு மருந்து நிரப்ப வேண்டுமே, நிரப்பினார்களா? அதைப் பற்றி எழுதவே இல்லையே.

இன்னொன்று. சொன்னால் திட்டாதே. இரண்டு மாதமாக எனக்கு வரிகள் வளைந்து தெரிகின்றன. கணக்கு நோட்டில் கோடு போட்ட தாளிலேயே எழுத்து பள்ளத்தில் இறங்குகிறது. மொட்டுக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாமல் இலையைக் கிள்ளிவிடுகிறேன். வத்தலக்குண்டில் கண் முகாம் போட்டார்கள். போனேன். மதுரைக்கு அனுப்பினார்கள். எனக்கும் சர்க்கரையாம், கண்ணின் பின்பக்கம் கசிகிறதாம். அந்த டாக்டர் நல்ல பிள்ளை. எனக்குக் காது கேட்காது என்றதும் தாளில் எழுதிக் காட்டினார். மாதம் ஒரு ஊசி போடலாம், இல்லையென்றால் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது, அதற்குக் கொஞ்சப் பேரைச் சேர்க்கிறோம் என்று எழுதினார். படம் போட்டதும் தெரிந்துபோயிற்று. உன் தாராபாத்திரம்.

"என் தங்கச்சி கண்ணில் இருக்கிறது. பஸ் நம்பர் படிக்கிறாள்" என்றேன். அவருக்கு ஆச்சரியம்.

நீ என்ன சொல்கிறாய்? உன் கண்தான் எனக்குச் சாட்சி.

அய்யம்மாள்

*

அம்பத்தூர்
2.2.2025

அக்காவுக்கு வணக்கம். அத்தான் நலமா?

ஊசியே போதும் அக்கா. மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய்வந்தால் ஆயிற்று. வலியும் பெரிதாக இல்லை. கருவிக்கு அவசரப்படாதே. ஒவ்வொருவர் உடம்பு ஒவ்வொரு மாதிரி.

இன்னும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு எழுதுகிறேன்.

செல்வி

*

ஆத்தா துணை
நிலக்கோட்டை
27.3.2025

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. சுகம். உங்கள் எல்லார் சுகத்துக்கும் ஆத்தாவை வேண்டுகிறேன்.

நீ ஊசி போதும் என்று எழுதியது எதற்கு என்று எனக்குத் தெரியும். கீறும்போது எனக்கு வலிக்குமே என்று பயந்திருக்கிறாய். சின்னப் பிள்ளையில் எனக்கு முள் எடுத்தால் நீ அழுவாயே, அந்தப் புத்தி. மாசி கடைசியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வலியே இல்லை. இடது கண்ணில்தான். உனக்கு இடது போல எனக்கு வலது கண் மங்கல். அக்காளும் தங்கச்சியும் ஆளுக்கொரு கண்ணில் ஆளுக்கொரு தாராபாத்திரம் வைத்திருக்கிறோம், அம்மா இருந்தால் சிரிப்பாள். இப்போது உன் அத்தானின் உதட்டசைவு நன்றாகத் தெரிகிறது. தெரியாமலே இருந்திருக்கலாம், அம்புட்டுக் கேலி!

இங்கேயும் அதே சொல்தான் எழுதிக் காட்டினார்கள். தண்ணீர் படக்கூடாது, சிவந்தால் வர வேண்டும். சரி என்று தலையாட்டி வைத்தேன். நமக்குத் தெரியாதா?

வருகிற செவ்வாய்க்கிழமை பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. நானும் கட்டிக்கொள்கிறேன். பிறகு திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை அபிஷேகம். அன்றைக்கு முதல் சொட்டு என் கண்ணில். உன்னைக் காத்தவள் என்னையும் காப்பாள்.

அய்யம்மாள்

*

அம்பத்தூர்
2.4.2025

அக்கா, கண்ணில் எதையும் விடாதே. வணக்கமும் விசாரிப்பும் பிறகு. முதலில் இந்த வரியைப் படி. தீர்த்தத்தைக் கண்ணில் விடாதே.

எனக்கு வலது கண் இல்லை அக்கா. போன ஆவணியிலேயே போய்விட்டது.

நீ அனுப்பியதை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை சிவந்தது. அன்றே ஓடி வரச் சொல்லியிருந்தார்கள். ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று திங்களும் செவ்வாயும் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டு இருந்தேன். புதன்கிழமை எழுந்தபோது வீடு முழுக்கப் பால் கொட்டியது போல இருந்தது. வலியில் மருமகள் கையைக் கடித்துவிட்டேன். கருவியை எடுத்தார்கள், கண்ணுக்குள் என்னென்னவோ மருந்து செலுத்தினார்கள். சீழ் நிற்கவில்லை. "கண்ணுல என்ன விட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். தேவதர்ஷினி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து குப்பியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் திட்டவில்லை. "எதுனால வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஒண்ணும் விடாதவங்களுக்கும் சில பேருக்கு வருது. ஆனா வாசலைத் தொறந்து வச்சுட்டு நீங்களே கூப்பிடலாமா? அன்னிக்கே வந்திருந்தா இந்தக் கண்ணக் காப்பாத்தப் பாத்திருப்பேனே" என்றார்.

இப்போது இந்த மங்கல் இடது கண்ணைத் தாளோடு ஒட்டவைத்து, தடித்த மைப் பேனாவால் எழுதுகிறேன். என் எழுத்து கொழுக்கட்டையானது இதனால்தான்.

சொன்னால் நீ கோயில் வாசலை மிதிக்க மாட்டாய். காதும் கேட்காத உனக்கு ஆத்தாவை விட்டால் பேச்சுத்துணை யார்? அதனால் சொல்லவில்லை. நான் சும்மா இருந்ததை நம்பி நீ கருவி வைத்துக்கொண்டாய். பிப்ரவரியில் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். கை வரவில்லை.

நேற்று உன் கடுதாசியை மருமகள் படித்ததும் அன்புமணியை விட்டு அத்தானைக் கூப்பிட்டேன். அத்தான், "தீர்த்தக் குப்பிய நான் ஒளிச்சு வச்சாலும் கோயில்ல போய்க் கையேந்தி வாங்கிக்கிருவா. ஆத்தா தண்ணிய வேணாம்னு நாஞ் சொல்லி அவ கேப்பாளா? கேலி பேசியே எம்பேச்சு செல்லாமப் போச்சு. நீ எழுது தாயி, உன் எழுத்தத்தான் நம்புவா" என்றார்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். வந்துவிடும். ஆத்தாவே, வர வை.

சிவந்தால் அது ஆத்தா இல்லை அக்கா. அது சீழ். அன்றைக்கே ஓடு.

செல்வி

*

ஆத்தா துணை
மதுரை, கண் ஆஸ்பத்திரி
7.4.2025

என் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. சுகமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

உன் கடுதாசி சனிக்கிழமை வந்தது.

உன் அத்தான் குப்பியை ஒளித்துத்தான் வைத்தார். பூக்கூடைக்கு அடியில். நான் தேடவில்லை, வெள்ளிக்கிழமை கோயிலுக்கே போய் உள்ளங்கையில் வாங்கி, அங்கேயே, ஆத்தா முகத்தில் நீயாக மின்னிய வெள்ளிக் கண்ணைப் பார்த்துக்கொண்டே விட்டேன்.

சனிக்கிழமை நன்றாகத்தான் இருந்தது. உன் எழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு, எட்டு மாதம், நலம் நலம் என்று எழுதியிருக்கிறாயே. நானும் சிவந்தது நல்ல அடையாளம் என்று எழுதியிருக்கிறேனே. அந்தக் கடுதாசியை உனக்கு மருமகள் படித்துக் காட்டினாளா? படிக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டேன். சாயங்காலம் சின்னக்கண்ணு வீட்டுக்குப் போய் அவள் குப்பியைப் பிடுங்கி வந்து வேப்பமரத்தடியில் ஊற்றினேன். "உந் தங்கச்சிக்குத் தேறுனது எனக்குத் தேறக் கூடாதாக்கும்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சண்டைக்கு வந்தாள். உன் கடுதாசியைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. தெருவே நின்று கேட்டது. கேட்கட்டும்.

நேற்று காலையில் கண்ணாடி பார்த்தேன். சிவந்திருந்தது. மணல் உறுத்தல்.

நீ எழுதியிருக்காவிட்டால் விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பேன் செல்வி.

கையில் காப்பு. எல்லை தாண்டினால் ஊருக்கே ஆகாது. உன் அத்தான் பஸ்ஸுக்கு இழுக்கிறார், நான் கோயில் வாசலில் நின்றுவிட்டேன். கருப்புசாமி அண்ணன் வெளியே வந்தார். என் காப்பைத் தொட்டார். என் கண்ணைக் காட்டினார். பிறகு பஸ் ரோட்டைக் காட்டினார். நான் அசையவில்லை. ஆத்தா பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, அவரே என் மணிக்கட்டைப் பிடித்துக் காப்பை அவிழ்த்தார். அவர் உதடு சொன்னதைப் படித்துக்கொண்டேன். "ஆத்தாவுக்கு நான் பதில் சொல்லிக்கிர்றேன். நீ போ தாயி."

நேற்றே வந்து படுத்தாயிற்று. கண்ணிலிருந்து ஊசியால் நீர் எடுத்தார்கள், மருந்து போட்டார்கள். அந்த டாக்டர் பிள்ளை தாளில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'சீக்கிரம் வந்தீர்கள்.' அதற்குக் கீழே ஏதோ எழுதினார். அது வளைந்து கலங்கிப் போயிற்று. உன் அத்தானைப் படிக்கச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "காலையில கருவிய எடுக்கணுமான்னு பாத்துச் சொல்வாகளாம்" என்றார். இந்தத் தடவை கேலி இல்லை.

இப்போது வராந்தாப் பெஞ்சில் இருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உள்ளிருந்து பெயரைக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. உன் அத்தான் தோளைத் தொடுவதாகச் சொல்லி நிற்கிறார்.

உள்ளே போய்விட்டு வந்து, என்ன சொன்னாலும் அதை அப்படியே உனக்கு எழுதுவேன். எழுத முடியாமல் போனால் உன் அத்தானிடம் சொல்லி எழுதவைப்பேன். நலம் என்று மட்டும் எழுதமாட்டேன். நீயும் இனிமேல் எனக்கு நலம் என்று எழுதாதே. எது எப்படி இருக்கிறதோ, அதை எழுது. நான் படிப்பேன், இல்லையென்றால் என் உள்ளங்கையில் யாராவது எழுதிக் காட்டுவார்கள்.

ஆத்தா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் ஒரு கடுதாசி அனுப்பினாள். வெள்ளிக்கிழமைக்கு வரவேண்டியது சனிக்கிழமை வந்தது. அவ்வளவுதான்.

தோளைத் தொடுகிறார்.